தொடர்கதையை மறுபடியும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், பெற்றோர் வீட்டில் புத்தகம் படிக்க வேண்டும் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல விஷயம்தானே என்று படிக்கத் தொடங்கினேன். தினமும் இருபது நிமிடம், டிவியை அணைத்துவிட்டு, பிள்ளைகள் பார்க்கும்படி கூடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டுமாம். அப்படிச் செய்தால் பிள்ளைகளுக்குக் கவனம் கூடும், சொல்வளம் பெருகும், மதிப்பெண் உயரும். கடைசியில் ஒரு வரி: கதை, நாவல் என்று பொழுதைப் போக்காமல் பயனுள்ள நூல்களாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். வெட்டிப் போடுவதென்றால் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள். கடைசியில் ஒரு கோரிக்கை இருக்கிறது, அது மட்டும் போகக் கூடாது.

நான் பெங்களூரில், பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்கூடத்தின் டூல் ரூமில் வேலை செய்கிறேன். வீடு ஸ்ரீராமபுரத்தில். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து தாத்தா காலத்திலேயே இங்கே வந்துவிட்டோம். அவர் ராஜா மில்லில் வேலை பார்த்தவர். மில் இருந்த இடத்தில் இப்போது மால் நிற்கிறது. மனைவி ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். பெண் ஏழாவது, பையன் ஒன்றாவது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். இரண்டு அறை, ஒரு சமையலறை. பிள்ளைகள் பார்க்கும்படி உட்கார்ந்து படிக்க எங்கள் வீட்டில் தனி ஏற்பாடு எதுவும் தேவையில்லை. நான் எதைச் செய்தாலும் அத்தனை பேரும் பார்க்கும்படிதான் செய்தாக வேண்டும்.

நான் நாவல் படிப்பவன். மீசை முளைக்காத வயதில், மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு கடையில் தொங்கிக்கொண்டிருந்த மாத நாவல்களில் தொடங்கிய பழக்கம் இது. கல்யாணம் ஆனால் போய்விடும் என்றார்கள். குழந்தை பிறந்தால் போய்விடும் என்றார்கள். போகவில்லை, இடம் மாறியது, அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு முன்மாதிரியாக இருப்பதற்காக நான் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை. அடுத்து என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் படிக்கிறேன். இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும் என்று அந்தக் கட்டுரை நினைக்கிறது. எனக்கு வெட்கமில்லை.

குடும்பஸ்தனுக்கு நேரம் ஒரே முழுத்துண்டாகக் கிடைக்காது. சின்னச் சின்னத் துணுக்குகளாகத்தான் கிடைக்கும். எங்கள் தெருவுக்குக் காவேரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது, அதுவும் விடியற்காலையில். டிரம் நிரம்பும்வரை யாராவது குழாயடியில் இருக்க வேண்டும். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் எல்லோரும் என்னைப் பொறுப்பான மனிதன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உட்காரும் ஸ்டூலுக்கு அடியில் புத்தகம் இருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் மாமியார். யாரிடமும் சொல்லாமல் விட்டதோடு, மறுநாள் ஒரு டீயும் கொண்டுவந்து வைத்தார்.

அப்புறம் மெட்ரோ. 2014 மார்ச்சில் சம்பிகே ரோட்டிலிருந்து பீன்யா வரை அது ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னால் துமகூரு ரோடு பஸ்ஸில் ஒரு கை கம்பியில், ஒரு கை பர்ஸில். இப்போது ஸ்ரீராமபுரத்தில் ஏறினால் பீன்யா இண்டஸ்ட்ரியில் இறங்குவதற்குள் சின்ன அத்தியாயமாக இருந்தால் ஒன்று முடிந்துவிடும். உட்கார இடம் கிடைக்காது, நின்றபடிதான். இங்கே பதிப்பாளர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பழைய நாவல்களை எல்லாப் பாகமும் ஒன்றாகச் சேர்த்து, கெட்டி அட்டை போட்டு, தலையணை அளவில் கொண்டுவருகிறார்கள். கல்யாணத்துக்குப் பரிசளிக்க நன்றாக இருக்கும். ஒரு கையால் பிடித்து நின்றுகொண்டு படிக்கவா முடியும்? அதனால் மெட்ரோவில் போன்தான். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில், பணம் எதுவும் வாங்காமல் யார் யாரோ தட்டச்சு செய்து வைத்த பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஆனால் யஷ்வந்தபுரம் தாண்டும்போது அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது இடம் பெண்ணின் டியூஷன் வாசல். அங்கே பைக்கில் சாய்ந்து காத்திருக்கும் அப்பாக்கள் எல்லோரும் போனில் ரீல்ஸ் பார்ப்பார்கள், நான் புத்தகம் வைத்திருப்பேன். ஒருவர் கேட்டார், "சார், எந்த எக்ஸாமுக்குப் படிக்கிறீங்க?" நாவல் என்றேன். அவருக்கு என் மேல் இருந்த மரியாதை கொஞ்சம் குறைந்ததாகப் பட்டது.

சரி, இதுவரை சொன்னது என் தனிப் படிப்பு. இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அதுவல்ல.

என் மனைவிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இதைச் சொன்னால் ஊரில் இருக்கும் உறவுக்காரர்கள் முகம் ஒரு மாதிரி ஆகும். அவள் பிறந்து வளர்ந்தது ஓகளிபுரத்தில், படித்தது கன்னட மீடியம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், வேலையில் இரண்டும் கலந்து. பெங்களூரில் இப்படி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. தங்கள் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் பிள்ளைகளும் அப்படியே. பள்ளியில் கன்னடம், ஆங்கிலம், இந்தி. இருக்கிற ஊரின் மொழியைப் பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், அதில் எனக்குக் குறையில்லை. மாமியாருக்கோ எந்த மொழியிலும் எழுத்து தெரியாது. ஆக, ஐந்து பேர் இருக்கும் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தங்கள் நாளிதழ் எங்கள் வீட்டுக்கு வருவதும் எனக்காகத்தான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2022 செப்டம்பர் கடைசியில் பொன்னியின் செல்வன் படமாக வந்தது. குடும்பத்தோடு போனோம். திரும்பி வரும்போது ஆட்டோவில் மனைவி கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அந்தக் குடுமிக்காரன் யாரு, எதுக்கு எங்கே பார்த்தாலும் வந்து நிற்கிறான், அந்தச் சாமியாராப் போனவரு மனசுல என்னதான் இருக்கு. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். புத்தகத்தில் இன்னும் நிறைய இருக்கிறது, முதல் பாகம் மட்டுமே 57 அத்தியாயம் என்றேன். "அப்ப படிச்சுக் காட்டுங்க" என்றாள். ஆட்டோக்காரரும் தமிழர்தான். "படிச்சுக் காட்டுங்க சார், நல்லா இருக்கும்" என்று அவரும் சொன்னார்.

அன்றைக்கு ராத்திரி தொடங்கவில்லை. அந்த வார ஞாயிற்றுக்கிழமை தொடங்கினோம். மனைவி வேலை முடிந்து வந்த பிறகும் வீட்டில் கொஞ்சம் தைப்பாள். அக்கம்பக்கத்துப் பெண்களின் சேலைகளுக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுப்பாள். அது கையால் தைக்கிற வேலை. கண் பாதி, கை முழுசு, காது சும்மா இருக்கும். அந்தக் காதுக்கு நான் படித்தேன்.

முதல் அத்தியாயமே ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் நடக்கிறது. மாமியார் அதுவரை சமையலறை வாசலில் பூண்டு உரித்துக்கொண்டு, இது நமக்கில்லை என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார். பதினெட்டாம் பெருக்கு என்று காதில் விழுந்ததும் பூண்டோடு உள்ளே வந்துவிட்டார். கல்யாணமான புதிதில் ஆற்றங்கரைக்குச் சித்ரான்னம் கட்டிக்கொண்டு போன கதையை அவர் சொல்ல, நான் பாதியில் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். "அங்கே காவேரி கரை புரண்டு ஓடுது, நமக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்" என்றாள் மனைவி. நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து பம்ப் வைத்து ஏற்றிக் கொண்டுவருகிறார்களே, அதுவே பெரிசு என்று நான் சொல்ல, அன்றைக்குக் கதை அதற்கு மேல் நகரவில்லை.

ஒரு அத்தியாயம் என்பது எவ்வளவு சரியான அளவு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குக்கர் வைத்து, விசில் வந்து, அடுப்பை அணைத்து, ஆவி அடங்குவதற்குள் முடிந்துவிடும். ஒரு சேலை ஃபால்ஸ் அடிக்க இரண்டு அத்தியாயம் ஆகும் என்பது மனைவியின் கணக்கு. முடியும் இடத்தில் யாராவது கதவைத் தட்டுவார்கள், அல்லது இருட்டில் ஓர் உருவம் தெரியும். "இந்த ஆளு வேணும்னே இங்க நிறுத்துறாரு" என்று அவள் கோபித்துக்கொண்டாள். கல்கி பத்திரிகையில் 1950இல் தொடங்கி 1954 வரை வாரா வாரம் வந்த கதை இது, மக்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் காத்திருந்தார்கள் என்றேன். ஊசியை அப்படியே நிறுத்திக்கொண்டு கேட்டாள்: "ஒரு வாரமா? அவங்க எல்லாம் எப்படித் தூங்கினாங்க?"

அவள் நல்ல விமர்சகி. தஞ்சாவூர்ச் சதி, பல்லக்கு, சுரங்கப்பாதை எதுவும் அவளை ஏமாற்ற முடியவில்லை. இந்த ஆளுக்கு இவ்வளவு நேரம் பேர், ஊர் எல்லாம் சொல்லி அறிமுகம் நடக்குது, இவன் சாகமாட்டான் என்பாள். பெரும்பாலும் அதுதான் நடக்கும். நந்தினி பக்கம் நின்று என்னோடு சண்டை போட்டாள். கண்ணெதிரில் வேண்டியவன் தலையை வெட்டினால் அவள் சும்மா இருப்பாளா, அரண்மனையில் பிறந்த குந்தவை செய்தால் அரசியல், இவள் செய்தால் மட்டும் விஷப்பாம்பா என்று கேட்டாள். நான் அந்த நாவலை அதற்கு முன்பே படித்தவன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

பையன் பாதிக் கதைக்குத் தூங்கிவிடுவான். தூங்காத நாளில், நான் மூச்சு வாங்க நிறுத்தினால் "ஆமேலே ஏனாயித்து?" என்று, அப்புறம் என்ன ஆச்சு என்பதைக் கன்னடத்தில் கேட்பான். குதிரை வரும் இடங்கள் மட்டும் அவனுக்கு வேண்டும். பெண்ணுக்கு ஆரம்பத்தில் அக்கறையில்லை, ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஹோம் ஒர்க் எழுதுவாள். ஹெட்போனில் பாட்டு ஓடவில்லை, சும்மா மாட்டியிருக்கிறாள் என்பதை அவள் பாட்டிதான் சொன்னார்.

ஆடியோ புத்தகம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். முயன்று பார்த்தோம். அழகான குரல், திருத்தமான உச்சரிப்பு, பின்னணியில் இசை எல்லாம் இருந்தது. குக்கர் விசிலுக்கு அது நிற்காது. பக்கத்து வீட்டு அக்கா சேலையை வாங்க வந்தால் நிற்காது. மாமியார் "யாரு, பெரியவரா சின்னவரா?" என்று கேட்டால் பதில் சொல்லாது. பழுவேட்டரையர்கள் இரண்டு பேர் இருக்கிறார்களே, அதில் வந்த குழப்பம். இரண்டே நாளில் "நீங்களே படிங்க, சுமாரா இருந்தாலும் பரவாயில்ல" என்று தீர்ப்பாகிவிட்டது.

293 அத்தியாயங்கள். தினம் ஒன்று என்றால் ஒரு வருஷத்துக்குள் முடிந்திருக்கும். குடும்பத்தில் தினம் ஒன்று என்று எதுவாவது நடக்கிறதா? எக்ஸ்போர்ட் ஆர்டர் அனுப்ப வேண்டிய வாரத்தில் மனைவி ஓவர்டைம் முடித்து வந்து சாப்பிடாமலே படுத்துவிடுவாள். எனக்கு நைட் ஷிஃப்ட் வரும். பெண்ணுக்குப் பரீட்சை. ஊரில் ஒரு சாவு, அதன் காரியம். மாரியம்மன் கோவில் திருவிழா வந்தால் தெருவில் ஒலிபெருக்கி, வீட்டுக்குள் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. பையனுக்கு டெங்கு வந்த மழைக்காலத்தில் புத்தகம் எங்கே இருந்தது என்றே தெரியாது. ஒரு கோடையில் பாதி தாண்டினோம், அடுத்த கோடையிலும் முடியவில்லை. இரண்டாம் பகுதிப் படம் 2023 ஏப்ரலில் வந்து போய்விட்டது. புத்தகத்தில் நாங்கள் அப்போதுதான் இலங்கையிலிருந்து திரும்பியிருந்தோம்.

இப்படி விட்டு விட்டுப் படித்தால் கதை மறந்துபோகும். அதற்கு நம் பத்திரிகைகள் எப்போதோ ஒரு வழி வைத்திருந்தன: முன்கதைச் சுருக்கம். தொடர்கதைக்கு மேலே சின்ன எழுத்தில் நாலு வரி. சின்ன வயதில் அதைத் தாண்டிக் குதித்துப் போவேன். குடும்பம் என்று ஆனபிறகுதான் அது யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிகிறது. எங்கள் வீட்டில் முன்கதை சொல்லும் வேலை முதலில் என்னுடையது, பிறகு தானாகவே பெண்ணிடம் போய்விட்டது. தமிழும் கன்னடமும் கலந்து, பள்ளிக்கூடத்து ஆங்கிலம் கொஞ்சம் சேர்த்துச் சொல்வாள். "சின்ன பழு கோட்டைக்கு செக்யூரிட்டி இன்சார்ஜ், ஆனா அவருக்கே தெரியாம இவன் உள்ள போயிட்டான்." பாட்டி திருத்துவார். பெண் விடமாட்டாள். பல நாள் முன்கதையே கதையைவிட நன்றாக இருந்தது.

அவளுக்கு மதிப்பெண் கூடியதா என்று கட்டுரையாளர் கேட்கலாம். கணக்கில் குறைந்தது. தமிழ் எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டாளா என்றால், இல்லை. ஓவியம் இருக்கும் பக்கத்தை மட்டும் எட்டிப் பார்ப்பாள். நான் அதற்காகப் படிக்கவில்லை என்பதால் எனக்கு ஏமாற்றமும் இல்லை.

எல்லா நாவலும் இப்படிப் படிக்க ஏற்றதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அடுத்ததாக நான் மிகவும் மதிக்கும் ஒரு நாவலை எடுத்தேன். பெயர் வேண்டாம். ஒரு மனிதன் ஒரு பகல் முழுக்க மனதுக்குள் பேசிக்கொள்ளும் கதை. அத்தியாயப் பிரிவே கிடையாது. மூன்றாம் நாள் மனைவி ஊசியோடு தூங்கிவிட்டாள். அது குழாயடி நாவல். தனியாக, விடியற்காலையில், தண்ணீர்ச் சத்தத்தில் படிக்க வேண்டியது. அதன் மதிப்பு அதனால் குறைந்துவிடாது. கூடத்தில் வாசிக்க வேறு மாதிரிக் கதை வேண்டும், அப்படிக் கதை எழுதுவது லேசான காரியமும் இல்லை.

என் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் பைண்டு செய்த தொடர்கதைகள் இருந்தன. வார இதழிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் கடையில் கொடுத்து பைண்டு பண்ணியவை. ஒரு பக்கத்தில் கதை, பின்பக்கத்தில் தைல விளம்பரம், ரேடியோ விளம்பரம். ஒன்றில் நடுவே ஒரு வாரம் கிடையாது. அந்த வாரம் புத்தகம் வரவில்லையோ, பக்கத்து வீட்டில் வாங்கிப் போய்த் தரவில்லையோ. அந்த ஒரு வாரத்துக் கதையை அம்மா எங்களுக்கு வாயால் சொல்லுவார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாறும். நாலு பிள்ளைகளை வளர்த்த அம்மா கடையில் ஒரு நாவல்கூட விலை கொடுத்து வாங்கியதில்லை. அவர் படித்த நாவல்கள் எல்லாமே வாரத்துக்கு ஒரு துண்டாக வீடு தேடி வந்தவை. மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்து, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் இருக்கும் இடைவெளிக்கு அந்தத் துண்டு கச்சிதமாக இருந்திருக்கிறது. நம் மொழியில் நாவலைக் குடும்பத்துப் பெண்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது தொடர்கதைதான் என்பது என் எண்ணம். மெத்தப் படித்தவர்கள் மறுக்கலாம், எனக்கு அம்மாவின் டிரங்குப் பெட்டி போதும்.

இது நேற்று முளைத்த வழக்கமும் இல்லை. கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி என்ற மாத இதழில் தொடராக வந்த கதை. அதன்பின் பல தலைமுறைக்கு வார இதழ் என்றாலே தொடர்கதை. கல்கி இதழே 2020இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போய்விட்டது. கடையில் தொங்கும் இதழ்களை இப்போது புரட்டினால் சமையல், ஜோதிடம், சினிமா, முதலீடு. கதைக்கு ஒரு பக்கம் கிடைத்தால் பெரிசு.

நூலகத்துக்குப் போகலாமே என்றால், போகிறோம். அல்சூர் ஏரிப் பக்கத்தில் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. மெஜஸ்டிக்கில் ரயில் மாறி அல்சூரில் இறங்கி, ஏரிக்கரையில் வள்ளுவரைப் பிள்ளைகளுக்குக் காட்டி, பையனுக்குச் சோளம் வாங்கிக் கொடுத்துத் திரும்பினால் அரை நாள் போய்விடும். நல்ல அரை நாள்தான், அடிக்கடி கிடைக்காது. பக்கத்துக் கிளை நூலகத்தில் ஒரு தமிழ் அலமாரி இருந்தால் சௌகரியம். இந்த நகரத்தில் வீட்டு வரியோடு நூலகத்துக்கென்று ஆறு சதவீதம் வாங்குகிறார்கள். வீட்டுக்காரர் கட்டுகிறார், வாடகையில் நாங்கள் கட்டுகிறோம். இந்திய நூலக இயலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்து, கடைசிக் காலத்தில் பெங்களூரில் வாழ்ந்து, 1972இல் இங்கேயே மறைந்தவர். அவர் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நூலகத்தை நினைத்து அவர் எழுதியிருப்பார். முன்கதைச் சுருக்கத்துக்கும் அது பொருந்தும். விடிவதற்குள் வாசலில் வந்து விழும் நாளிதழைவிட வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தும் நூலகம் வேறு எது?

அதனால் என் கோரிக்கை: தங்கள் பெங்களூரு பதிப்பில் ஒரு தொடர்கதை தொடங்குங்கள்.

எதிர்ப்பேச்சு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். இடம் இல்லை என்பீர்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு நாளிதழில் கன்னித்தீவு தினம் இரண்டு மூன்று கட்டங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, சிந்துபாத் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை. எந்த நாளிதழ் என்று தங்களுக்கே தெரியும். அந்த இடமே போதும் என்று சொல்லவில்லை, ஆனால் கால் பக்கம் கிடைக்காதா? டிவி சீரியல் இருக்கும்போது யார் படிப்பார்கள் என்பீர்கள். சீரியல் கண்ணை வாங்கிக்கொள்கிறது. சீரியல் நேரத்தில் என் மனைவியின் ஊசி நகராது. தொடர்கதையில் படிக்கிறவன் ஒருவனுக்குத்தான் வேலை நிற்கிறது. மற்றவர்கள் பூண்டு உரிக்கலாம், தைக்கலாம், ஹோம் ஒர்க் எழுதலாம், தூங்கலாம். ஒரு பிரதிக்கு ஒரு வாசகர் என்று தாங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டுப் பிரதிக்கு ஐந்து பேர், பையன் தூங்கும் நாளில் நாலு.

வாராவாரம் கதவைத் தட்டிக்கொண்டே இருந்து தொடர்கதை இலக்கியத்தைக் கெடுத்துவிட்டது என்ற பேச்சையும் கேட்டிருக்கிறேன். கொஞ்சம் உண்மைதான். ஜவ்வாக இழுத்த தொடர்களை நானும் படித்திருக்கிறேன். அதற்கு வழி, நாவலை முழுதாக எழுதி வாங்கிக்கொண்டு பிறகு துண்டு போடுவது. எழுதுகிறவருக்கும் அடுத்த வாரம் என்ன செய்வது என்ற பயம் இருக்காது.

எப்படிப்பட்ட கதை என்று கேட்டால், ராஜா ராணி கதையாகவே இருக்க வேண்டியதில்லை. இந்த ஊர்த் தமிழர்கள் வரும் கதை ஒன்று வரட்டும். மில் மூடிய பிறகு என்ன ஆனார்கள், கார்மெண்ட்ஸ் வாசலில் மாலை ஷிஃப்ட் விடும்போது யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், ஒகேனக்கல்லுக்கு டூர் போன குடும்பத்தில் என்ன சண்டை வந்தது என்பதெல்லாம் எழுதக் காத்திருக்கும் விஷயங்கள். டிசம்பரில் நடந்த தமிழ்ப் புத்தகத் திருவிழாவில் இந்த ஊரில் இருந்துகொண்டு எழுதுகிறவர்கள் சிலரைப் பார்த்தேன். கேட்டால் எழுதித் தருவார்கள். நீதி எதுவும் வேண்டாம். படித்த பிறகு நாங்கள் திருந்த வேண்டும் என்கிற எண்ணத்தோடு எழுதுகிற கதை முதல் வாரமே எங்கள் வீட்டில் மாட்டிக்கொள்ளும்.

வைக்கும் முறையிலும் சில வசதிகள் கேட்கிறேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். டியூப்லைட் வெளிச்சத்தில், கண்ணாடியை மறந்து வைத்த நாளிலும் படிக்க வேண்டும். மேலே முன்கதைச் சுருக்கம் கட்டாயம். வாக்கியம் வாய்க்கு வர வேண்டும். எழுதியவர் ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினால் நல்லது. ஒரு அத்தியாயம் குக்கர் நேரத்துக்கு மேல் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை போட்டால் வாரம் முழுக்க எந்த நாள் வேண்டுமானாலும் படித்துக்கொள்வோம். இணைப்பில் போட்டாலும் சரி. ஓவியம் ஒன்று இருந்தால் பெண்ணுக்குப் பிடிக்கும். ஆனால் பின்பக்கத்தில் சிறுவர் பகுதியின் படங்கள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பையன் கத்திரிக்கோலோடு எங்களுக்கு முன்னால் போய்விடுவான்.

இந்தக் கடிதத்தை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதியதில் ஆட்சேபணை இல்லை, ஓவர்டைம் விஷயம் மட்டும் கம்பெனியில் யாராவது படித்தால் என்ன செய்வது என்றாள். கம்பெனி பெயர் எங்கும் இல்லை என்று காட்டினேன். அவள் சார்பில் ஒரு நிபந்தனை சேர்க்கச் சொன்னாள்: முதல் அத்தியாயத்திலேயே யாரையும் கொல்ல வேண்டாம், பெயர் பழகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.